மலிவு விலை மாதிரி ரயில்: சிக்கனம் எந்த உறுப்பில்?

அன்புள்ள தம்பிக்கு,

குறைந்த விலையில் கிடைக்கும் மாதிரி ரயில் தொகுப்பு ஒன்றை வாங்கலாமா என்ற வினாவுக்கு விலைச்சீட்டை மட்டும் பார்த்து விடை கூற இயலாது. ஓர் எஞ்சின், இரண்டு மூன்று பெட்டிகள், நீள்வட்டமாக இணைக்கத்தக்க தண்டவாளத் துண்டுகள், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோலர் ஆகியவை ஒரே அட்டைப்பெட்டியில் அடங்கியதே தொகுப்பு எனப்படுகிறது. இவற்றைத் தனித்தனியே வாங்குவதைவிடத் தொகுப்பாக வாங்குவது பெரும்பாலும் மலிவானதே. ஆயினும், விலையைக் குறைப்பதற்காகத் தயாரிப்பாளர் எந்த உறுப்பில் சிக்கனம் செய்திருக்கிறார் என்பதை அறிந்த பின்னரே அந்த மலிவு ஆதாயமா இழப்பா என்பது தெரியவரும். தோற்றத்தில் செய்யப்பட்ட சிக்கனம் பொறுத்துக்கொள்ளத்தக்கது. ஓட்டத்தில் செய்யப்பட்ட சிக்கனம் அத்தகையதன்று.

முதலில் அறியவேண்டியது அளவு விகிதம். உண்மையான எஞ்சினை எத்தனை மடங்கு சுருக்கி மாதிரி செய்யப்பட்டது என்பதை இவ்விகிதம் குறிக்கிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மிகுதியாக வழங்கும் எச்ஓ அளவு 1:87 ஆகும். பிரிட்டனில் வழங்கும் ஓஓ அளவு ஏறத்தாழ 1:76 ஆகும். பிரிட்டனின் எஞ்சின்கள் பிற நாட்டு எஞ்சின்களைவிட உருவில் சிறியவை ஆதலால், பழைய காலத்து மின்மோட்டார்களை 1:87 அளவுக்குச் சுருக்கிய உடலுக்குள் அடக்குவது கடினமாக இருந்தது. எனவே எஞ்சினின் உடல் மட்டும் சற்றுப் பெரிதாக்கப்பட்டு, தண்டவாள இடைவெளி இரு அளவுகளுக்கும் பொதுவாக 16.5 மி.மீ. என்றே விடப்பட்டது. உண்மையான பாதையின் 1435 மி.மீ. அகலத்தை 87ஆல் வகுத்தால் இந்த 16.5 கிடைக்கும் என்பதால், எச்ஓ அளவில் பாதை சரியாக அமைய, ஓஓ அளவில் அது சற்றுக் குறுகலாகத் தெரிகிறது. இக்குறை கண்ணை உறுத்துவதில்லை. பொதுவான அளவு ஒன்றைப் பின்பற்றாத விளையாட்டு ரயிலோ, பின்னர் எந்த உறுப்பையும் சேர்த்து வளர்க்க முடியாதது ஆகையால், எவ்வளவு மலிவாயினும் ஒதுக்கத்தக்கது.

பிரிட்டனின் ஹார்ன்பி நிறுவனம் 1920 முதல் ரயில்களைச் செய்துவருகிறது. அதன் ‘ரெயில்ரோடு’ என்னும் மலிவு வரிசை, பொறுத்துக்கொள்ளத்தக்க சிக்கனம் எது என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். இந்த வரிசையின் எஞ்சின்கள் பலவும் பழைய அச்சுகளில் வார்க்கப்படுபவை; 2004இல் ஹார்ன்பி வாங்கிய இத்தாலிய லீமா நிறுவனத்தின் அச்சுகளும் அவற்றுள் அடங்கும். உயர்ந்த விலை எஞ்சினில் மெல்லிய கம்பியால் தனியே பொருத்தப்படும் கைப்பிடிகள் இவற்றில் உடலோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருக்கும். வண்ணப்பூச்சில் நுட்பம் குறைந்திருக்கும். ஓட்டத்துக்கும் இக்குறைகளுக்கும் தொடர்பில்லை. சொல்லப்போனால், தனிக்கம்பிகள் முறிந்துவிடும் என்ற அச்சமின்றி இளையவர் எடுத்துப் புழங்குவதற்கு வார்ப்புக் கைப்பிடிகளே ஏற்றவை.

மின்சாரம் பெறும் முறையில் செய்யப்படும் சிக்கனமே தீங்கானது. தொகுப்பு வாங்குவோரில் பெரும்பாலோர் இதைக் கவனிப்பதில்லை. இரு தண்டவாளங்களும் மின்சுற்றின் இரு முனைகளாக அமைய, ஒவ்வொரு பக்கத்துச் சக்கரத்தையும் உரசி நிற்கும் மெல்லிய உலோகத் தகடுகள் மின்சாரத்தைப் பெற்று மோட்டாருக்கு அனுப்புகின்றன. மலிவுத் தொகுப்புகளில் அடிக்கடி இடம்பெறுவது 0-4-0 என்று குறிக்கப்படும் சிறு நீராவி எஞ்சினாகும். முன்னால் வழிகாட்டும் சக்கரங்கள், நடுவே இயக்கச் சக்கரங்கள், பின்னால் தாங்கு சக்கரங்கள் என்ற வரிசையில் எண்ணும் இம்முறைப்படி, அதற்கு இயக்கச் சக்கரங்கள் நான்கு மட்டுமே உள்ளன. அதாவது ஒரு பக்கத்துக்கு இரண்டு சக்கரங்களே மின்சாரம் பெறுகின்றன. பாதை பிரியும் பாயின்ட்டின் நடுவே, தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் பல தயாரிப்புகளில் பிளாஸ்டிக் துண்டு வைக்கப்பட்டிருப்பதால், அதன்மேல் ஏறிய சக்கரம் மின்சாரத்தை இழக்கிறது. அதே நேரத்தில் மற்றச் சக்கரத்தின் கீழ்த் தூசு இருந்தால் எஞ்சின் அங்கேயே நின்றுவிடுகிறது. வழுக்காமல் இழுப்பதற்காக ஓர் அச்சின் சக்கரங்களுக்கு ரப்பர் வளையம் மாட்டப்பட்டிருந்தால் நிலை இன்னும் மோசமாகும். ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது ஆகையால் அந்தச் சக்கரங்களும் கணக்கிலிருந்து நீங்கிவிடுகின்றன. ஆறு இயக்கச் சக்கரங்கள் கொண்ட 0-6-0 எஞ்சினோ, முன்னும் பின்னும் உள்ள சக்கரக்கூடுகள் இரண்டிலும் மின்சாரம் பெறும் டீசல் எஞ்சினோ இத்தொல்லையிலிருந்து பெரிதும் விடுபட்டது. ஆகவே கூடுதலாக ஒரு பெட்டி தரும் தொகுப்பைவிட, கூடுதலாக இரு சக்கரங்கள் மின்சாரம் பெறும் எஞ்சினைத் தரும் தொகுப்பே மேலானது.

மோட்டாரின் தரத்தை வேகத்தில் காண முடியாது; வேகமாக ஓடுவது எந்த எஞ்சினுக்கும் எளிது. கடையில் சோதனைப் பாதை இருந்தால், கன்ட்ரோலரை மிக மெல்லத் திருப்பி எஞ்சினை ஊர்ந்துபோகச் செய்து, நடுவழியில் நிறுத்தி, மீண்டும் அதே மென்மையோடு கிளப்பி, பின்னோக்கியும் இவ்வாறே ஓட்டிக் காட்டும்படி கேட்பது வாங்குபவரின் உரிமை. துள்ளிக் கிளம்பும் எஞ்சின் வீட்டிலும் அவ்வாறே துள்ளும்.

தண்டவாளம் எஃகால் ஆனதா, செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த நிக்கல் சில்வர் என்னும் கலவையால் ஆனதா என்பதும் கேட்டறியவேண்டியது. ஈரக்காற்று வீசும் கடலோர ஊர்களில் எஃகு துருப்பிடித்து மின்னோட்டத்தைத் தடுக்கும். அமெரிக்காவில் விற்கும் பாக்மன் நிறுவனத்தின் ‘ஈ-சி டிராக்’ வகையில், அடித்தளம் கறுப்பாக இருந்தால் எஃகு, சாம்பல் நிறமாக இருந்தால் நிக்கல் சில்வர் என்று பார்த்தவுடனே பிரித்தறியலாம். இடத்தைப் பொறுத்தவரை, ஹார்ன்பியின் வளைவுத் துண்டுகளில் முதல் வகையின் ஆரம் 371 மி.மீ., இரண்டாம் வகையின் ஆரம் 438 மி.மீ. ஆகும். இரண்டாம் வகையின் விட்டம் 876 மி.மீ. ஆவதால், தண்டவாளத்தைக் குறுக்கே தாங்கும் ஸ்லீப்பர் கட்டைகளின் நீளத்தையும் சேர்த்தால் 900 மி.மீ. பலகையில் அது அடங்காது. நீண்ட எஞ்சின்கள் பலவற்றுக்கோ இரண்டாம் வகை வளைவே குறைந்தபட்சத் தேவையாகும். பலகையை அளந்த பிறகு எஞ்சினைத் தேர்ந்தெடுப்பதே முறை. தரைவிரிப்பின்மேல் தண்டவாளத்தைப் பரப்புவது கூடாது. நூலிழைகள் பற்சக்கரங்களில் சுற்றிக்கொள்ளும்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கிவரும் தொகுப்பாயின், 120 வோல்ட்டுக்கு மட்டுமே செய்யப்பட்ட அதன் மின்மாற்றியை இந்தியாவின் 230 வோல்ட் இணைப்பில் செருகக்கூடாது. கன்ட்ரோலரைப் பொறுத்தவரை, டிசிசி எனப்படும் எண்முறைக் கட்டுப்பாட்டில், ஒவ்வோர் எஞ்சினுக்குள்ளும் இருக்கும் சிறு மின்சுற்று தனக்குரிய கட்டளையை மட்டும் ஏற்று இயங்குகிறது. தொடக்கத்தில் இது தேவையில்லை. பின்னர் அச்சுற்றைச் செருகுவதற்கான பொருத்துவாய் எஞ்சினில் இருந்தால் அதுவே போதுமானது.

எனவே, தம்பி, பொதுவான அளவில் அமைந்து, ஆறு சக்கரங்களுக்குக் குறையாமல் மின்சாரம் பெற்று, மெல்ல ஊரத் தெரிந்த எஞ்சினோடு நிக்கல் சில்வர் தண்டவாளமும் உள்ள மலிவுத் தொகுப்பு கிடைத்தால், அதன் கைப்பிடிகள் எப்படியிருந்தாலும் தயங்காமல் வாங்கலாம். கையிலுள்ள பணத்துக்கு நான்கு சக்கர எஞ்சின் தொகுப்பு மட்டுமே அகப்படுமாயின் அதை வாங்காமல், அதே பணத்தில் நல்ல எஞ்சின் ஒன்றைப் பழைய பொருள் விற்பவரிடம் ஓட்டிப் பார்த்து வாங்கி, தண்டவாளத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக்கொள்வதே நல்லது.

அன்புடன்.