நன்முயற்சி: நெடுந்தூரப் படகோட்டம் தரும் பாடம்



அட்டாங்க மார்க்கத்துள் ஆறாவதாகப் பகவன் புத்தர் வைத்தருளியது சம்மா வாயாமம். இதனைத் தமிழில் நன்முயற்சி என்கிறோம். இதன் இலக்கணம் நான்கு. தோன்றாத தீமை தோன்றாமற் காத்தல், தோன்றிய தீமையை நீக்குதல், தோன்றாத நன்மையைத் தோற்றுவித்தல், தோன்றிய நன்மையைப் பேணி வளர்த்தல். நம் படிப்பு வகுப்பிலுள்ள சிறுவர்களும் இதைத் தடையின்றி ஒப்புவிப்பர். ஆனால் நான்காவதாகிய பேணுதல் எத்தகையது என்று கேட்டால், பெரியவர்களாகிய நாமே சற்றுத் தயங்குகிறோம். அதனை விளக்க எனக்கு நெடுநாளாக ஓர் உவமை அகப்படவில்லை, இப்போது அகப்பட்டது.

தாராவியில் நம்மிடையே வளர்ந்து இங்கிலாந்தில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர், விடுமுறைக்கு வந்தபோது நம் வகுப்பிற்கும் வந்திருந்தார். அந்நாட்டில் ஈஸ்டர் காலத்தில் நடைபெறும் ஒரு நெடும் படகுப் போட்டியை அவர் கரையில் நின்று பார்த்திருக்கிறார். வேடிக்கை பார்ப்பதற்காக அன்று. தாமும் ஒரு நாள் அதில் இறங்க வேண்டும் என்னும் எண்ணத்தோடு பார்த்திருக்கிறார்.

படகுப் போட்டி என்றவுடன் நம்மில் பலருக்கு ஆலப்புழைதான் நினைவிற்கு வரும். 1952-இல் ஜவாஹர்லால் நேரு அங்கே வந்தபோது அவருக்காக நடத்தப்பட்ட படகோட்டத்தின் வழியாகப் பிறந்தது நேரு கோப்பைப் போட்டி. புன்னமடைக் காயலில் நூற்றுக்கு மேற்பட்டோர் ஒரே வள்ளத்தில் அமர்ந்து, பாட்டின் தாளத்திற்குத் துடுப்பு வீசுவது காணக் கண் கொள்ளாக் காட்சி. ஆயினும் அது சில நிமிடங்களில் முடிந்துவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே வேகத்தில் பாய்வதற்குரிய போட்டி அது.

அவ்விளைஞர் கண்டது வேறு வகை. டிவைசஸ் என்னும் ஊரிலிருந்து இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் வரை 125 மைல், அதாவது ஏறத்தாழ 200 கிலோமீட்டர். முதலில் கால்வாய், ரெடிங் நகரில் அது தேம்ஸ் நதியோடு சேர, பின்னர் ஆற்றுவழி. இடையில் 77 இடங்களில் மதகும் அணையும் குறுக்கிடுகின்றன. ஒவ்வோரிடத்திலும் படகைக் கரையேற்றி, தூக்கிக்கொண்டு ஓடி, மறுபுறம் நீரில் விட்டு மீண்டும் ஏற வேண்டும். 1948-இல் டிவைசஸ் நகரத்துச் சாரணர்கள் 100 மணி நேரத்திற்குள் இவ்வழியைக் கடந்து காட்டினர். 1979-இல் இருவர் 15 மணி 34 நிமிடத்தில் கடந்தனர். இருவர் செலுத்தும் படகுகள் இரவிலும் நில்லாமற் செல்கின்றன. டெடிங்டனுக்குக் கீழே தேம்ஸில் கடலின் ஏற்றவற்றம் உண்டு. ஆகையால் வற்று நீர் இறங்கும் வேளையைக் கணக்கிட்டே முதல் நாள் புறப்படும் நேரத்தை ஒவ்வொருவரும் முடிவு செய்கின்றனர்.

கூட்டம் எங்கே நிற்கும்? தொடக்கத்திலும் முடிவிலும்தான். கைதட்டலும் அங்கேதான். நம் இளைஞரோ நள்ளிரவில், குளிரில், ரெடிங் நகரத்து மதகு ஒன்றின் அருகே போய் நின்றாராம். “ஏன் அங்கே?” என்று கேட்டேன். “ஐயா, வெற்றி பெறுவது எப்படி என்று நான் பார்க்கப் போகவில்லை, எங்கே விட்டுவிடுகிறார்கள் என்று பார்க்கப் போனேன்” என்றார். அம்மொழி என்னைத் திடுக்கிடச் செய்தது.

அவர் கண்டவை சில. தொடக்கத்தில் ஏறத்தாழ 15 மைல் தூரத்திற்கு மதகே கிடையாது. புதியவர் பலர் அங்கே கைவலுவை எல்லாம் செலவிட்டுவிடுகின்றனர். பழகியவரோ அங்கே மெல்லச் செல்கின்றனர். இரவில் படகை விட்டு இறங்கும்போது கால் மரத்துப் போயிருக்கும். இறங்கத் தெரியாதவன் நீரில் விழுவான், நனைந்தவன் நடுங்குவான், நடுங்குபவன் அடுத்த மதகில் நின்றுவிடுவான். கரையில் துணைவர்கள் சுடுநீரும் உணவும் ஏந்திக் காத்திருப்பர். பசி இல்லை என்று அதனை மறுத்துச் சென்ற ஒருவர், சிறிது நேரத்திற்குப் பின் துடுப்பைப் பிடிக்கவும் வலியற்றுக் கரையேறிவிட்டாராம். துடுப்பு வீசுவதில் தோற்றவரை அவர் அவ்வளவாகக் காணவில்லை. இறங்குவதிலும், உண்பதிலும், மீண்டும் ஏறுவதிலும் தோற்றவரையே மிகுதியாகக் கண்டார்.

இவ்விடத்தில் சோணத் தேரரை நினைக்க வேண்டும். செல்வக் குடியிற் பிறந்து மெல்லிய பாதங்களை உடையவராயிருந்த அவர், சீதவனத்தில் உலாவித் தியானம் செய்து கால் குருதி சொரியும் அளவு முயன்றார். பயன் காணாமல், வீடு திரும்பி அறம் செய்துகொண்டிருக்கலாமே என்று எண்ணினார். வீணை வாசிப்பில் வல்லவராகிய அவரிடம், நரம்பு மிக முறுக்கியிருந்தால் இசை பிறக்குமா, மிகத் தளர்ந்திருந்தால் பிறக்குமா என்று பகவன் வினவியதை நீங்கள் அறிவீர்கள். சோணருக்குக் குறைவாயிருந்தது முயற்சி அன்று, அளவு. சம்யுத்த நிகாயத்தின் முதற் சூத்திரத்திலும், வெள்ளத்தை எவ்வாறு கடந்தீர் என்று கேட்ட தேவனுக்கு, நின்றும் கடக்கவில்லை, திணறித் துடித்தும் கடக்கவில்லை என்னும் கருத்துப்படவே பகவன் விடை தருகிறார். நின்றால் மூழ்குவோம், துடித்தால் அடித்துச் செல்லப்படுவோம். நீரில் இறங்கியவனுக்கு இது உடனே விளங்கும்.

இனி நம் நிலைக்கு வருவோம். ஆஷாடப் பௌர்ணமி முதல் ஆசுவினப் பௌர்ணமி வரை மூன்று மாதம் வர்ஷாவாசம். மும்பையின் பௌத்தக் குடியிருப்புகளில் இக்காலத்தில் பாபாசாகேப் அம்பேத்கரின் ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலை நாள்தோறும் கூடிப் படிப்பது வழக்கம். செம்பூரிலும் தாராவியிலும் மராட்டியச் சகோதரர்கள் அதை நடத்துவதைப் பார்த்துத்தான் நாமும் தொடங்கினோம். முதல் வாரத்தில் பாய் போதாது. வெள்ளாடை, மெழுகுவத்தி, பஞ்சசீலம் சொல்லும் உரத்த குரல்! எட்டாம் வாரத்தில் மழையும் ஓயாது, வேலையும் ஓயாது; நால்வர் இருப்பர். இறுதி நாளன்று மீண்டும் கூட்டம், நிழற்படம். உண்மையை மறைப்பானேன்? ஓராண்டில் ஏழாம் வாரத்தோடு நின்றவர்களுள் நானும் ஒருவன். இறுதி நாளில் முன்வரிசையில் அமர்ந்தும் இருந்தேன்.

1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் தீட்சை பெற்றவர்களின் மூன்றாம் தலைமுறை இன்று வளர்ந்துவிட்டது. அவர்களுள் பலர் தம்மத்தைக் கரையிலிருந்து அறிந்தவர்கள். பிறர் பசுக்களை எண்ணும் ஆயனைப் பற்றித் தம்மபதம் கூறுவது நம்மை நோக்கித்தான். கரையில் நிற்பது குற்றம் என்று நான் சொல்லவில்லை. வேடிக்கை பார்ப்பவனும் கரையில் நிற்கிறான், நாளை இறங்கப் போகிறவனும் கரையில்தான் நிற்கிறான். இறங்கப் போகிறவன் எட்டாம் வாரத்து நால்வரிடம் போய், நீங்கள் எவ்வாறு நீடித்தீர்கள் என்று கேட்பான். அவ்வாறு கேட்டபோது ஒரு முதிய உபாசிகை எனக்குச் சொன்னது: “வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் திரும்பி வர மாட்டேன் என்று தெரியும்; அதனால் நேரே இங்கே வந்துவிடுவேன்; ரொட்டி கையிலேயே இருக்கும்.” பேணுதல் என்பதற்கு இதனினும் தெளிவான உரையை நான் படித்ததில்லை.

அவ்விளைஞர் படகு பழக இங்கே இடம் தேடினார். கன்னேரிக் குகைகள் உள்ள மலைப்புறத்தில் தொடங்கி நம் தாராவியை ஒட்டி மாகிம் கழிமுகம் சேரும் மிட்டி ஆற்றில் அது இயலாது. 2005 ஜூலை 26 வெள்ளத்தை மறவாதவர்கள் காரணம் கேட்கமாட்டார்கள். கேரளத்தில் நிலம்பூரிலிருந்து பேப்பூர் வரை சாலியாற்றில் 68 கிலோமீட்டர் தூரம் மூன்று நாள் துடுப்பிட்டுச் செல்லும் பயணம் ஒன்று உண்டு என்று அறிந்து, அதைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறார். அது போட்டி அன்று. வழியில் ஆற்றுக் குப்பையையும் பொறுக்கிக்கொண்டு செல்வார்கள். தொடங்குவதற்கு அதுவே தகும் என்கிறார். இப்போதைக்கு அவர் பழகி வருவது வேகம் அன்று. இருட்டில் படகிலிருந்து இறங்கி, மீண்டும் ஏறுவதை மட்டும் பழகி வருகிறார்.