பஞ்சமம் இல்லாத கார்ட்

கேள்வி: ஆறு மாதமாக கிட்டார் பழகுகிறேன். சின்ன வயதில் வாய்ப்பாட்டு கற்றிருக்கிறேன். ஒரு பாட்டுப் புத்தகத்தில் சி, எஃப் கார்டுகளுக்கு நடுவே ‘சி ஆக்மென்டட்’ என்று போட்டிருந்தது. வாசித்தால் சுருதி விலகியதுபோல் கேட்கிறது. அதே விரல் அமைப்பை நாலு ஃப்ரெட் மேலே தள்ளினாலும் அதே கார்ட் மாதிரிதான் இருக்கிறது. கோளாறு கிட்டாரிலா, என் காதிலா?
– வாசகி, திருச்சி

பதில்: இரண்டிலும் இல்லை. நீங்கள் கேட்டது இரண்டுமே உண்மை.

சி மேஜரில் சி, ஈ, ஜி மூன்று ஸ்வரங்கள். சி-யிலிருந்து ஈ நாலு ஃப்ரெட், ஈ-யிலிருந்து ஜி மூன்று, ஜி-யிலிருந்து மேல் சி ஐந்து. இந்த இடைவெளிகள் சமமில்லாததால்தான் எது ஆதார ஸ்வரம் என்று காது கண்டுபிடிக்கிறது. ஆக்மென்டடில் ஜி ஒரு ஃப்ரெட் ஏறி ஜி ஷார்ப் ஆகிவிடுகிறது. இப்போது நாலு, நாலு, நாலு. காதுக்குப் பிடிமானம் போய்விட்டது.

நீங்கள் கற்ற சங்கீதத்தின் வழியில் பாருங்கள்: ஸட்ஜம், அந்தர காந்தாரம், சுத்த தைவதம், பஞ்சமம் கிடையாது. மோகனத்தில் கிரக பேதம் செய்து ரிஷபத்தை ஸட்ஜமாக்கினால் மத்யமாவதி வரும், காந்தாரத்தை ஸட்ஜமாக்கினால் இந்தோளம் வரும். ஆனால் இந்த கார்டின் மூன்று ஸ்வரங்களில் எதை ஸட்ஜமாக்கினாலும் திரும்பவும் இதே மூன்றுதான் வரும். அதனால் சி ஆக்மென்டட், ஈ ஆக்மென்டட், ஜி ஷார்ப் ஆக்மென்டட் மூன்றும் ஒரே கார்ட். பன்னிரண்டு பெயர்கள் இருந்தாலும் உண்மையில் இருப்பவை நாலே கார்டுகள். நாலாவது, மூன்றாவது, இரண்டாவது தந்திகளில் 2-1-1 ஃப்ரெட்டுகளை அழுத்திப் பாருங்கள். பிறகு 6-5-5, பிறகு 10-9-9. வரிசை மாறும், ஸ்வரங்கள் மாறாது.

சுருதி விலகல் விஷயத்தில் உங்கள் காதைப் பாராட்டத்தான் வேண்டும். தம்புராவோடு சேர்ந்து பாடும் அந்தர காந்தாரத்தைவிட ஃப்ரெட்டில் கிடைக்கும் காந்தாரம் சற்றே கூடுதல். ஒரு ஃப்ரெட் தூரத்தை நூறு பங்காக்கினால் ஏறக்குறைய 14 பங்கு. சுத்தமான காந்தார இடைவெளியை மூன்று முறை அடுக்கினால் மேல் ஸட்ஜத்தை எட்டாது, 41 பங்கு குறையும். ஃப்ரெட்டுகள் அந்தக் குறையை மூன்று இடைவெளிகளுக்கும் பகிர்ந்து கொடுத்திருக்கின்றன. மேஜர் கார்டில் பஞ்சமத்தின் நிறைவு அதை மறைத்துவிடும். இங்கே மறைக்க எதுவும் இல்லை.

இனி வாசிப்பு. இந்த கார்டைத் தனியாக வாசித்து எடைபோடாதீர்கள். அது போகிற வழியில் வரும் கார்ட். போய்ச் சேரும் இடத்தோடு சேர்த்துத்தான் கேட்க வேண்டும். சி, சி ஆக்மென்டட், எஃப் என்று மெதுவாக வாசித்து, மூன்றாவது தந்தியை மட்டும் கவனியுங்கள். முதலில் திறந்த ஜி, அடுத்து முதல் ஃப்ரெட்டில் ஜி ஷார்ப், கடைசியில் இரண்டாவது ஃப்ரெட்டில் ஏ. ஒரே தந்தியில் ஒவ்வொரு படியாக ஏறுகிற அந்த ஸ்வரத்துக்காகத்தான் இந்த கார்டே.

விரல்கள்: ஐந்தாவது தந்தி 3-ஆம் ஃப்ரெட்டில் சுண்டு விரல், நாலாவது தந்தி 2-இல் மோதிர விரல், மூன்றாவதிலும் இரண்டாவதிலும் முதல் ஃப்ரெட்டில் ஆள்காட்டியும் நடுவிரலும். அந்த இரண்டு தந்திகளையும் ஆள்காட்டி விரலைப் படுக்க வைத்தே அழுத்த வேண்டும் என்று சிலர் வற்புறுத்துவார்கள். தொடக்கத்தில் அது வேண்டாம் என்பது என் கருத்து, முதல் தந்தி செத்துப்போகும். கை நோகிறதென்றால் முதல் தந்தியை விட்டே வாசியுங்கள். அதிலுள்ள ஈ ஏற்கெனவே நாலாவது தந்தியில் ஒலிக்கிறது.

பீட்டில்ஸின் 1969 ஆல்பம் ‘அபே ரோட்’டில் ‘ஓ! டார்லிங்’ பாட்டைக் கேளுங்கள். தொடக்கத்திலேயே பியானோவில் ஈ ஆக்மென்டட். அடுத்து ஏ மேஜரில் குரல் இறங்கும்போது கிடைக்கும் நிம்மதியைக் கவனியுங்கள். அந்த ஈ ஆக்மென்டடும் நீங்கள் பிடித்த அதே மூன்று ஸ்வரங்கள்தான். புத்தகத்தில் எஃப்புக்குப் போன கார்ட் இங்கே ஏ-க்குப் போகிறது. சி ஷார்ப்புக்கும் போகும். இன்று மாலை மூன்று பக்கமும் போய்ப் பாருங்கள். எஃப் கை வராவிட்டால் முதலில் ஏ.