நெல் வழியே ஆப்பிரிக்கா: எட்டாம் வகுப்பில் ஒரு பாட அனுபவம்

எட்டாம் வகுப்புப் புவியியலில் ஆப்பிரிக்கக் கண்டம் ஒரு பாடம். பல ஆண்டுகளாக நான் அதை இரண்டு பாடவேளைகளில் முடித்துவிடுவேன். எல்லைகள், சகாரா, நைல், கிளிமஞ்சாரோ, கனிமங்கள், வனவிலங்குகள். 'இருண்ட கண்டம்' என்ற தொடரைக் கரும்பலகையில் எழுதி அடிக்கோடிடுவதும் வழக்கம். ஒரு மதிப்பெண் வினாவுக்கு உதவுமே!

மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்தப் பாடம் முடிந்த வாரத்தில், வகுப்பில் நன்றாகப் பதில் சொல்லும் ஒரு மாணவி திடீரெனக் கடைசி வரிசைக்கு இடம் மாறினாள். கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள், வாய் திறக்கமாட்டாள். காரணத்தை அவள் சொல்லவில்லை. பக்கத்து மாணவி சொன்னாள்: "டீச்சர், பசங்க அவள 'ஆப்பிரிக்கா'ன்னு கூப்பிடுறாங்க."

அந்தப் பிள்ளை நல்ல கறுப்பு. பெற்றோர் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்கள். பட்டப்பெயர் வைத்த மாணவர்களை அழைத்துக் கண்டித்தேன். ஒருவன் தலையைக் குனிந்தபடி, "நீங்கதானே டீச்சர் இருண்ட கண்டம்னு சொன்னீங்க" என்றான். அவன் எதிர்த்துப் பேசவில்லை, உள்ளதைச் சொன்னான். கறுப்பு, இருட்டு, பசி, காடு ஆகிய நான்கையும் ஒரு பெயருக்குள் அடைத்து அவன் கையில் கொடுத்தது என் பாடம்தான்.

அந்த ஆண்டு இறுதிக்குள் பாடத்தை முழுவதுமாக மாற்றி அமைத்தேன். தொடர்ந்து நடத்தியதில் சரிவந்தவற்றையும் சறுக்கியவற்றையும் சக ஆசிரியர்களோடு இங்கே பகிர்ந்துகொள்கிறேன். மொத்தம் ஐந்து பாடவேளைகள்.

முதல் பாடவேளை: அளவும் பெயரும்

தொடங்கும் முன் ஒரு துண்டுத்தாளில், 'ஆப்பிரிக்கா என்றதும் நினைவுக்கு வரும் ஐந்து சொற்களை எழுதுங்கள்' என்று கேட்கிறேன். பெயர் எழுத வேண்டாம். தாள்களைப் படிக்காமல் ஓர் உறையில் போட்டு ஒட்டி, பாடம் முடியும்வரை பீரோவில் வைத்துவிடுவேன்.

அடுத்து உலக வரைபடம். வகுப்பறைச் சுவரில் தொங்கும் பல வரைபடங்களில் கிரீன்லாந்து ஏறத்தாழ ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும். உருண்டையான புவியைத் தட்டையான தாளில் விரிக்கும்போது துருவப் பகுதிகள் பெருத்துவிடுவதே காரணம். உண்மையில் ஆப்பிரிக்கா கிரீன்லாந்தைப் போல் 14 மடங்கு பெரியது. அதன் பரப்பு சுமார் 3 கோடி சதுர கிலோமீட்டர். இந்தியாவைப் போல் 9 மடங்குக்கு மேல். புவிக்கோளத்தையும் வரைபடத்தையும் அருகருகே வைத்தால் மாணவர்களே வேறுபாட்டைக் கண்டுபிடிப்பார்கள். 'ஆப்பிரிக்கா என்ற நாடு' என்று எழுதும் பிழையும் இங்கே தீரும். அங்கே 54 நாடுகள் உள்ளன.

'இருண்ட கண்டம்' என்ற பெயரை நான் இப்போதும் சொல்கிறேன், அதன் கதையோடு. 1878-இல் ஸ்டான்லி என்ற பயணி எழுதிய நூலின் தலைப்பால் பரவிய பெயர் அது. ஐரோப்பியர்களுக்கு உட்பகுதி தெரியாமல் இருந்தது. தங்களுக்குத் தெரியாததை 'இருள்' என்றார்கள். அங்கே வாழ்ந்தவர்களுக்கு அது தெரிந்த மண்தான். "நம்ம ஊருக்கு வழி தெரியாத ஒருத்தர், நம்ம ஊரையே இருட்டு ஊர்னு சொன்னா ஒத்துக்குவீங்களா?" என்று கேட்டால் போதும்.

இரண்டாம் பாடவேளை: சமையலறையில் ஆப்பிரிக்கா

முதல் நாளே வீட்டுப்பாடம் கொடுத்துவிடுவேன்: வீட்டில் உள்ள தானியம், பயறு, மளிகைப் பொருள்களில் ஒரு கைப்பிடி கொண்டுவர வேண்டும். கேழ்வரகு, கம்பு, சோளம், தட்டைப்பயறு, புளி, காபித்தூள் எல்லாம் மேசைக்கு வந்துவிடும். பிறகு வரைபடத்தில் ஒவ்வொன்றையும் அது பிறந்த இடத்தில் ஒட்டுகிறோம். கேழ்வரகு கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலம். கம்பு சகாராவின் தெற்கு ஓரத்துச் சகேல் பகுதி. சோளம் சூடான் பக்கம். காபி எத்தியோப்பியா. தட்டைப்பயறும் புளியும்கூட ஆப்பிரிக்க மண்ணில் தோன்றியவையே.

கும்பகோணம் டிகிரி காபியைப் பற்றி பெருமையாகப் பேசும் பிள்ளைகள் எத்தியோப்பியாவைத் தேடிப்பிடிக்கும்போது முகத்தில் தெரியும் வியப்பைப் பார்க்க வேண்டும். கம்பும் கேழ்வரகும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே இந்தியாவுக்கு வந்து, நம்முடையவையே ஆகிவிட்டவை. இந்த வேளைக்குச் செலவு எதுவுமில்லை. மெல்லக் கற்கும் மாணவர்களும் முழுதாகப் பங்கேற்பது இதில்தான்.

மூன்றாம் பாடவேளை: இரு ஆறுகள், இரு நெல்கள்

டெல்டா மாவட்ட ஆசிரியர்களுக்கு இது கைவந்த பகுதி. மேற்கு ஆப்பிரிக்காவில் 4,180 கிலோமீட்டர் ஓடும் நைஜர் ஆறு, கடலை அடையும் முன்பே மாலி நாட்டின் நடுவில் பல கிளைகளாகப் பிரிந்து பரவுகிறது. அதற்கு 'உள்நாட்டு டெல்டா' என்று பெயர். வெள்ளம் வந்து நிலம் முழுகி, வடியும் அந்தப் பகுதியில் ஏறத்தாழ 3,000 ஆண்டுகளுக்கு முன் மக்கள் ஒரு காட்டுப் புல்லைப் பயிராக்கினார்கள். அதுவே ஆப்பிரிக்க நெல், 'ஒரைசா கிளாபெரிமா'. நாம் விளைவிக்கும் ஆசிய நெல் 'ஒரைசா சட்டைவா'. உலகில் மனிதன் பயிராக்கிய நெல் இனங்கள் இந்த இரண்டே. அதில் ஒன்று ஆப்பிரிக்க உழவர்களுடையது.

ஆப்பிரிக்க நெல்லில் வெள்ளம் ஏற ஏறத் தண்டு நீளும் வகைகள் உண்டு. படகில் போய் அறுப்பார்கள். களையை அடக்கி வளரும். ஆனால் கதிர் முற்றினால் மணி உதிரும், பயிர் எளிதில் சாயும், விளைச்சல் குறைவு. ஆசிய நெல்லில் விளைச்சல் அதிகம். அந்த மண்ணின் களையையும் வறட்சியையும் அது தாங்காது. 1990-களில் சியரா லியோன் நாட்டைச் சேர்ந்த மான்டி ஜோன்ஸ் என்ற அறிவியலாளர், மேற்கு ஆப்பிரிக்க நெல் மேம்பாட்டு நிலையத்தில் இரண்டையும் கலப்பு செய்து 'நெரிக்கா' நெல்லை உருவாக்கினார். 2004-ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசு அவருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது.

இங்கே ஆடுதுறையை நினைவூட்டுகிறேன். 1960-களில் நம் குறுவைப் பட்டத்தை மாற்றிய ஆடுதுறை 27 நெல்லும் ஒரு கலப்புதான். ஜப்பானிய வகையும் நம் நாட்டு வகையும் சேர்ந்து பிறந்தது. ஒரே சிக்கலுக்கு இரு டெல்டாக்களிலும் ஒரே மாதிரி விடை தேடியிருக்கிறார்கள்.

அடுத்து செனகல் நாட்டின் தென்பகுதி. அங்கே ஜோலா மக்கள் சதுப்புநிலக் கடலோரத்தில் வரப்பு உயர்த்தி நெல் விளைவிக்கிறார்கள். நீண்ட காம்புள்ள மரமண்வெட்டிதான் அவர்கள் கருவி. 'உப்பு நிலத்தில் எப்படி நெல் விளையும்?' என்று வகுப்பில் கேட்டேன். பாடத்தை மாற்றிய முதல் ஆண்டு அது. ஒன்பதாம் வகுப்புக்குப் போயிருந்த அந்த மாணவி, தன் வகுப்பாசிரியர் விடுப்பில் இருந்ததால் அன்று எங்கள் அறையில் உட்கார்ந்திருந்தாள். யாரும் பதில் சொல்லாத நேரத்தில் கடைசி வரிசையிலிருந்து அவள் குரல் வந்தது.

"மழத்தண்ணிய வயல்ல கட்டி வச்சு, உப்பு கரைஞ்சதும் வெட்டி விடுவாங்க டீச்சர். ரெண்டு மூணு தடவ கழுவினாதான் நாத்து புடிக்கும். வேதாரண்யத்துப் பக்கம் எங்க அம்மாச்சி ஊர்ல அப்படித்தான் செய்வாங்க."

ஜோலா மக்கள் செய்வதும் அதுவே. மழைநீரால் உப்பைக் கழுவிவிட்டுத்தான் நடுகிறார்கள். அதை நான் சொன்னபோது வகுப்பே திரும்பி அவளைப் பார்த்தது. ஓராண்டுக்குப் பின் அவள் என் வகுப்பில் பேசியது அன்றுதான்.

நான்காம் பாடவேளை: தில்லையாடியும் திம்புக்டுவும்

1860 நவம்பர் 16. சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் 342 பேருடன் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற முதல் குழு அது. 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அப்படி நேட்டாலுக்குப் போனார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகம் வழியாகச் சென்றவர்கள்.

தரங்கம்பாடிக்கு அருகிலுள்ள தில்லையாடியைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர் வள்ளியம்மை. கிறித்தவ முறைப்படி நடக்காத திருமணங்கள் செல்லாது என்ற 1913-ஆம் ஆண்டுத் தீர்ப்பும், ஒப்பந்தம் முடிந்தவர்கள்மீது விதிக்கப்பட்ட 3 பவுன் வரியும் போராட்டத்தைத் தூண்டின. வள்ளியம்மை சிறை சென்றார். காய்ச்சலோடு வெளியே வந்தார். 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார். வயது 16. காந்தியடிகள் 1915-இல் தில்லையாடிக்கே வந்தார். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவரைவிட இரண்டு மூன்று வயதுதான் குறைவு என்பதைச் சொன்னால் போதும், வேறு விளக்கம் வேண்டாம்.

இதே வேளையில் மாலியின் திம்புக்டு நகரையும் சேர்க்கிறேன். தஞ்சை சரசுவதி மகாலைப் பார்த்த பிள்ளைகளுக்குச் சுவடி என்றால் தெரியும். திம்புக்டுவின் குடும்பங்கள் வானியல், மருத்துவம், சட்டம், சமயம் பற்றிய கையெழுத்து நூல்களை நூற்றாண்டுகளாகக் காத்துவருகின்றன. 2012-இல் ஆயுதக் குழுக்கள் நகரைப் பிடித்தபோது, நூலகர்களும் சாதாரண மக்களும் அவற்றைத் தகரப்பெட்டிகளில் அடைத்து, வண்டியிலும் படகிலும் தலைநகர் பமாக்கோவுக்குக் கடத்திக் காப்பாற்றினார்கள். 'எழுத்தறிவில்லாத கண்டம்' என்ற எண்ணம் உடைவதற்கு இந்த ஒரு நிகழ்வு போதும்.

ஐந்தாம் பாடவேளை: விருந்தினர் வருகை

இந்திய அரசின் கல்வி உதவித்தொகையிலும் சொந்தச் செலவிலும் ஆப்பிரிக்க மாணவர்கள் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் படிக்கிறார்கள். தலைமையாசிரியரின் அனுமதியோடு, பல்கலைக்கழகத்துக்கு முறையாகக் கடிதம் எழுதி, தான்சானியா நாட்டு மாணவர் இருவரை அழைத்தோம். அவர்கள் சுவாஹிலிச் சொற்களை எழுதச் சொல்லிக் கொடுத்தார்கள்: சாய், சப்பாத்தி, டுக்கா (கடை), காரி (வண்டி), பீமா (காப்பீடு). கடல்வழி வணிகத்தில் போன சொற்கள். வகுப்பு கலகலத்தது.

இதில் நான் செய்த தவறையும் சொல்ல வேண்டும். பிள்ளைகளை முன்கூட்டியே தயார்செய்யவில்லை. ஒருவன் விருந்தினரின் தலைமுடியைத் தொட்டுப் பார்த்துவிட்டான். அவர் சிரித்தபடி விலகினார்; ஆனால் முகம் மாறியது. இப்போது வருகைக்கு முன் கேள்விகளை எழுதி வாங்கிவிடுகிறேன். தொடக்கூடாது, கேட்காமல் படம் எடுக்கக்கூடாது என்பது விதி.

"இந்த ஊரில் உங்களுக்குப் பிடிக்காதது எது?" என்று ஒரு மாணவி கேட்டாள். "பேருந்தில் கூட்டமாக இருக்கும். என் பக்கத்து இருக்கை மட்டும் காலியாகவே இருக்கும்" என்றார் அவர். வகுப்பு அமைதியானது. அந்த அமைதியை நான் பேசிக் கலைக்கவில்லை.

மேற்படிப்புக்கான வழிகள்

'இதைப் படித்தால் என்ன வேலை?' என்ற கேள்வி மேல்நிலை மாணவர்களிடமிருந்து வரும். பதிலை நாம் தெரிந்துவைத்திருப்பது நல்லது. தில்லிப் பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்க ஆய்வுகளுக்கென்றே 1955-இல் ஒரு துறை தொடங்கப்பட்டது. மும்பைப் பல்கலைக்கழகத்தில் 1971-இல் ஆய்வு மையம் அமைந்தது. ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் தனி மையம் உண்டு. இவை நடத்தும் கருத்தரங்குகள், சேர்க்கை அறிவிப்புகளை அந்தந்தப் பல்கலைக்கழக இணையதளங்களில் பார்த்து அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். வரலாறு, புவியியல், அரசியல் அறிவியல், பொருளியல் ஆகியவற்றில் இளங்கலை படித்தவர்களுக்கு இது பொருந்தும் துறை. பிரெஞ்சு, போர்ச்சுகீசியம், அரபு ஆகிய மொழிகளில் ஒன்றைக் கற்றால் கூடுதல் பலம்.

அறிவியல் மாணவர்களுக்கும் வழி உண்டு. சென்னை ஐ.ஐ.டி. தன் முதல் வெளிநாட்டு வளாகத்தை 2023-இல் தான்சானியாவின் சான்சிபாரில் தொடங்கியது. இந்திய மாணவர்களும் அங்கே விண்ணப்பிக்கலாம். அதே ஆண்டு செப்டம்பரில் புதுதில்லி மாநாட்டில் ஆப்பிரிக்க ஒன்றியம் ஜி-20 அமைப்பின் உறுப்பினரானது. இந்தக் கண்டத்தை அறிந்தவர்களின் தேவை இனிக் கூடும்.

நாட்காட்டியில் குறிக்க மூன்று நாள்கள்

* நவம்பர் 16: ட்ரூரோ கப்பல் டர்பனை அடைந்த நாள். காலை வணக்கக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் போதும். டெல்டாவில் மழை விடுமுறைக் காலம் என்பதால் மாற்று நாள் வைத்துக்கொள்க.
* பிப்ரவரி 22: வள்ளியம்மை நினைவுநாள். தில்லையாடி நினைவு மண்டபத்துக்குக் களப்பயணம்.
* மே 25: ஆப்பிரிக்க நாள். 1963-இல் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு உருவான நாள். கோடை விடுமுறை என்பதால் ஜூன் முதல் வாரத்தில் சுவரிதழ் வெளியிடலாம்.

மதிப்பீடு

ஐந்தாம் நாள் இறுதியில் மீண்டும் ஐந்து சொற்கள். பிறகு பழைய உறையைப் பிரித்து, இரண்டு தொகுதிகளையும் பலகையில் எழுதுகிறோம். முதலில் பசி, காடு, சிங்கம், கறுப்பு, பாலைவனம். பின்னர் கேழ்வரகு, நைஜர், கப்பல், காபி, மரமண்வெட்டி. 'சிங்கம்' இரண்டிலும் இருக்கிறது. இருக்கட்டும், அங்கே சிங்கமும் இருக்கிறதே.

பட்டப்பெயர் வைக்கும் வழக்கம் பள்ளியில் அடியோடு ஒழிந்துவிட்டதாகச் சொல்லமாட்டேன். ஆனால் 'ஆப்பிரிக்கா' என்ற சொல் வசவாக வருவதை இந்த மூன்று ஆண்டுகளில் நான் கேட்கவில்லை. அந்த மாணவி இப்போது பதினொன்றாம் வகுப்பில் வரலாறு பிரிவில் படிக்கிறாள். சென்ற நவம்பரில் காலை வணக்கக் கூட்டத்தில் ட்ரூரோ கப்பலைப் பற்றிப் பேச யார் வருகிறீர்கள் என்று கேட்டேன். கையை உயர்த்தியவர்களில் அவளும் இருந்தாள். வரிசையில் நிற்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கேட்கும்படி, குறிப்புத்தாள் இல்லாமல் பேசினாள்.