தறியில் உட்காராத தம்பி

கேள்வி: தம்பியின் காதில் யாரோ திட்டும் குரல் கேட்கிறதாம். மாதக்கணக்கில் தறியில் உட்காரவில்லை. அம்மா வேண்டுதல் போதும் என்கிறார். மனநல டாக்டர் என்றாலே தெருவில் பேச்சாகிவிடும். எப்படி அழைத்துப்போவது?
- ஒரு வாசகி, பிள்ளையார்பாளையம்

பதில்: சகோதரி, இதற்கு உங்கள் மாவட்டத்திலேயே ஆய்வு நடந்திருக்கிறது. 1984-ல் டாக்டர் சாரதா மேனன் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் மனநல நிறுவனம் பங்கேற்ற ஆய்வு அது. காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்கள், கோவா, சாத்தாரா மூன்றிலுமாக மனச்சிதைவு (இல்லாத குரல் கேட்பது இதன் ஓர் அறிகுறி) உள்ள 282 பேர். ஒரு பிரிவினருக்கு மருத்துவமனை சிகிச்சை மட்டும். மற்றவர்களுக்கு அதோடு, பயிற்சி பெற்ற சாதாரண ஊழியர்கள் வீடு தேடி வந்து, நோய் என்ன, மாத்திரையை ஏன் நிறுத்தக்கூடாது, வேலைக்கு எப்படித் திரும்புவது என்று குடும்பத்தோடு பேசினார்கள். 2014-ல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. வீடு தேடிப் பேசியதில் பலன் ஓரளவு கூடுதல். அது நன்றாகத் தெரிந்தது தமிழ்நாட்டுக் கிராமங்களில்தான்!

அதனால் நீங்கள் பேசும் விதமும் சிகிச்சையில் சேர்த்திதான். குரல் பொய் என்று வாதாடாதீர்கள். தம்பிக்கு அது நிஜமாகவே கேட்கிறது. "தூக்கமே இல்லையே, டாக்டரைப் பார்ப்போமாப்பா?" என்று அவர் படும் அவதியிலிருந்து ஆரம்பியுங்கள். அம்மாவின் வேண்டுதலோடு மோத வேண்டாம். கோயிலும் இருக்கட்டும், மாத்திரையும் இருக்கட்டும். கட்டிப்போடுவது மட்டும் கூடவே கூடாது. 2001-ல் ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் பிடித்த தீயில், சங்கிலியோடு கிடந்தவர்கள் உட்பட 28 பேர் மாண்டார்கள். 2017 மனநலச் சட்டம் சங்கிலியைத் தடை செய்திருக்கிறது.

முதலில் நீங்களே 14416-க்குப் பேசுங்கள். அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்; இலவசம், தமிழிலேயே பேசலாம். உயிரை விடுவதாகத் தம்பி சொன்னால் காத்திருக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போங்கள்.