சேற்றில் சுழலும் சக்கரம்: சிறு ஜீப் வண்டிகளில் டிபரென்ஷியல் பூட்டு

சித்தூர் மாவட்டத்துக் கங்காதர நெல்லூர் வட்டாரத்தில் பணியாற்றும் களப்பணியாளர், கரும்பு வயலோரச் சேற்றிலும் ஆற்று மணலிலும் சிறு ஜீப் வண்டியைச் செலுத்த நேரிடுகிறது. அங்கே சில வேளைகளில் ஒரு சக்கரம் மட்டும் வேகமாகச் சுழல, வண்டி நின்ற இடத்திலேயே நின்றுவிடும். எஞ்சினின் ஆற்றல் குறைவே காரணம் எனப் பலர் கருதுவர். உண்மையில் இதற்குக் காரணம் டிபரென்ஷியல் என்னும் பல்சக்கரத் தொகுதியின் இயல்பேயாகும்.

டிபரென்ஷியலின் பணி

வண்டி திரும்பும்பொழுது வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தைவிட அதிகத் தூரம் ஓடவேண்டும். இரு சக்கரங்களுக்கும் இடையே 1.3 மீட்டர் அகலமுள்ள வண்டி ஒரு நேர்கோணம் திரும்பினால், இவ்வேறுபாடு சுமார் 2 மீட்டராகும். இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடமளிப்பதே டிபரென்ஷியலின் பணி. பிரான்சு நாட்டுப் பெக்கெர் என்பவர் 1827இல் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

ஆயினும் இவ்வமைப்பு இரு சக்கரங்களுக்கும் எப்பொழுதும் ஏறத்தாழச் சமமான முறுக்குவிசையையே அளிக்கும். எனவே பிடிப்புக் குறைந்த சக்கரம் எவ்வளவு விசையைத் தாங்குமோ, மற்றச் சக்கரத்திற்கும் அவ்வளவே கிட்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

பின்சக்கரம் ஒவ்வொன்றின் மீதும் 300 கிலோ எடை அமர்ந்துள்ளதெனக் கொள்வோம். ஒன்று கெட்டித் தரையிலும் மற்றொன்று சேற்றிலும் உள்ளன. உராய்வுக் கெழு முறையே 0.6, 0.1 எனில், தரைச் சக்கரம் 180 கிலோவும் சேற்றுச் சக்கரம் 30 கிலோவும் இழுக்க வல்லவை. சாதாரண டிபரென்ஷியலில் கிடைக்கும் மொத்த இழுவிசை 30ம் 30மாக 60 கிலோ மட்டுமே. இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டிவிட்டால் 180ம் 30மாக 210 கிலோ கிடைக்கும். எஞ்சின் அதுவே, டயரும் அதுவே. இழுவிசையோ மும்மடங்கிற்கும் மேல்.

நான்கு சக்கரங்களும் இயக்கப்படும் வண்டிக்கும் இக்குறை உண்டு. முன்னே ஒன்றும் பின்னே ஒன்றுமாக மூலைவிட்டத்தில் இரு சக்கரங்கள் பிடிப்பிழந்தால் அவ்வண்டியும் நின்றுவிடும். 1985இல் வெளிவந்த மாருதி ஜிப்சி இவ்வகைக்குத் தக்க சான்று.

மேம்படுத்தும் முறைகள்

முதலாவது, வழுக்கலை மட்டுப்படுத்தும் டிபரென்ஷியல். இதன் உராய்வுத் தட்டுகள் சுழல் சக்கரத்தை ஓரளவு தடுத்து, மற்றதற்கு விசையை அனுப்பும். ஆனால் ஒரு சக்கரம் தரையைவிட்டு முழுவதும் எழும்பினால் இதன் பயன் பெரிதும் குறையும்.

இரண்டாவது, முழுப்பூட்டு. கூர்க்கா வண்டியில் முன்னும் பின்னும் ஓட்டுநரே பூட்டும் அமைப்பு உண்டு. டிராக்டரின் டிபரென்ஷியல் பூட்டு மிதியும் இத்தகையதே.

மூன்றாவது, சுழலும் சக்கரத்தை மட்டும் பிரேக்கினால் தடுக்கும் மின்னணு முறை. 2023இல் இந்தியாவில் வெளிவந்த ஜிம்னியில் இது உள்ளது.

கவனிக்கவேண்டியவை

சக்கரம் வேகமாகச் சுழலும்பொழுது பூட்டலாகாது, பற்கள் உடையக்கூடும். முதலில் சுழற்சியை நிறுத்துக. பின்னர்ப் பூட்டி மெதுவாக முன்செல்க. கெட்டிச் சாலையை அடையுமுன் பூட்டை விடுவித்தல் இன்றியமையாதது. பூட்டிய நிலையில் வண்டி திரும்ப மறுக்கும். டயரும் ஆக்சிலும் சேதமுறும். பக்கச் சரிவில் பூட்டினால் இரு சக்கரங்களும் ஒருசேர வழுக்கி, வண்டி பள்ளத்தை நோக்கிச் சரியலாம்.

மேலும், பூட்டிய நிலையில் முறுக்குவிசை முழுவதும் ஒரே ஆக்சில் மீது விழக்கூடும். ஆகவே பழைய சிறு வண்டியில் பூட்டு அமைக்குமுன் ஆக்சிலின் வலிமையை ஆராய்க. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துவதால், உரிய அலுவலரின் அனுமதியும் முன்னரே பெறத்தக்கது.

மாணவர்க்கு ஒரு செய்முறை

பின்சக்கரத்தால் மட்டும் இயங்கும் ஒரு வண்டியை முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து நிறுத்துக. பின்னச்சை உறுதியான தாங்கிகளின் மேல் ஏற்றி, எஞ்சினை நிறுத்திக் கைப்பிரேக்கை விடுவித்து, கியரில் வைக்க. ஒரு சக்கரத்தைக் கையால் முன்னோக்கிச் சுழற்றினால் மற்றது பின்னோக்கிச் சுழலும்; இது சாதாரண டிபரென்ஷியல். மிகுந்த தடையுடன் சுழன்றால் வழுக்கல் மட்டுப்படுத்தப்பட்டது. பூட்டியிருப்பின் அசையாது. சோதனையின்போது எஞ்சினை இயக்குதல் கூடாது.

செலவு செய்வதிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் நல்ல டயர். அடுத்து மணலில் காற்றழுத்தத்தைக் குறைத்து, சாலையில் மீண்டும் நிரப்பும் பழக்கம். அதன் பின்னரே பின்னச்சுப் பூட்டு. முன்னச்சுப் பூட்டு ஸ்டியரிங்கைக் கடினமாக்குமாதலால், பெரும்பாலான களப்பணிக்கு அது தேவைப்படுவதில்லை.