வீட்டு உபயோகத்துக்கு எந்த ஸ்கேனர்?

கேள்வி: நான் புதுவாயலில் குடியிருந்து, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்து வருகிறேன். சென்னையில் 2014-இல் பதிவான பெட்ரோல் கார் ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கி ஓட்டுகிறேன். கொஞ்ச காலமாக ‘செக் இன்ஜின்’ விளக்கு எரிகிறது. ஷெட்டில் ஸ்கேன் செய்வதற்கே ஒவ்வொரு தடவையும் பணம் கொடுக்க வேண்டியிருக்கிறது. ‘கோடு’ எனப்படும் பிழைக் குறியீட்டை அழித்து அனுப்புகிறார்கள், சில நாளில் விளக்கு மறுபடியும் எரிகிறது. சிறு ரிப்பேர்களை நானே செய்துகொள்வேன். 500 ரூபாயிலிருந்து 20,000 ரூபாய்க்கு மேல் வரை ஸ்கேனர்கள் விற்கின்றன. எதை வாங்கலாம்?
— ஒரு வாசகர், புதுவாயல்

பதில்: ப்ளூடூத்தில் இயங்கும் தரமான ஓர் அடாப்டர், கைபேசியில் அதற்குரிய செயலி, கூடவே ஒரு சாதாரண மல்டிமீட்டர் ஆகிய மூன்றும் இருந்தால் தங்கள் தேவை பூர்த்தியாகும் என்பதே என் திடமான அபிப்பிராயம். 20,000 ரூபாய்க் கருவி தங்களுக்கு அவசியமில்லை. 500 ரூபாய்க் கருவியை வாங்குவதானாலோ சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

இன்ஜினுக்குள் நடப்பதை ஒரு சிறு கம்ப்யூட்டர் சதா கவனித்து, குறை கண்ட இடத்தில் ஒரு குறியீட்டைப் பதிந்து, ஓட்டுநருக்கு விளக்கைக் காட்டும் ஏற்பாட்டுக்குத்தான் ஓ.பி.டி. என்று பெயர். அமெரிக்காவில் 1996-ஆம் வருஷத்து மாடல்கள் முதல் எல்லாக் கார்களுக்கும் ஒரே வடிவ சாக்கெட்டும் பொதுவான குறியீடுகளும் கட்டாயமாக்கப்பட்டன. நம் நாட்டில், சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் 2010 ஏப்ரலில் பி.எஸ். 4 புகைக் கட்டுப்பாட்டு விதி அமலுக்கு வந்தபோது ஓ.பி.டி.யின் முதற்கட்டமும், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் வந்து சேர்ந்தன. நாடு முழுவதற்கும் பி.எஸ். 4 விஸ்தரிக்கப்பட்டது 2017 ஏப்ரலில்தான். அதற்கு வெகு முன்னரே, நம் மாவட்டத்துத் திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையிலிருந்து 1998 முதல் வெளிவந்த மிட்சுபிஷி லான்சர் போன்ற கார்களில் கம்ப்யூட்டர் இருந்ததெனினும், அக்காலத்து வண்டிகள் பலவற்றில் அது அந்தந்தக் கம்பெனியின் சொந்த பாஷையைப் பேசியதே தவிர பொதுக் கருவிகளுக்குப் பதில் சொல்லியதில்லை. தங்கள் கார் 2014-இல் சென்னையில் பதிவானது. ஆகையால் பொதுக் கருவி எதனோடும் அது பேசும் என்று நம்பலாம்.

ஆயினும் பணம் கொடுப்பதற்கு முன் ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்காலுக்கு மேல்புறமாகக் குனிந்து பாருங்கள். ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் குறுகியும் உள்ள, 16 துளைகள் கொண்ட சாக்கெட் ஒன்று தென்படும். அதில் 16-ஆவது துளையில் பாட்டரியின் மின்சாரம், சாவியைக் கழற்றிய பிறகும் இருந்துகொண்டேயிருக்கும். 4, 5 இரண்டும் எர்த். 6, 14 ஆகிய துளைகளில் உலோக முனைகள் இருக்குமானால் வண்டி ‘கேன்’ முறையில் பேசுகிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். அவை வெறுமையாக இருந்து 7-இல் மட்டும் முனை இருந்தால் பழைய ‘கே லைன்’ முறை. மலிவு அடாப்டர்கள் பல, பின்னதில்தான் தடுமாறுகின்றன.

இந்த மலிவு அடாப்டர்களின் பூர்வோத்தரத்தை அறிந்துகொள்வது வாங்குவோருக்குப் பிரயோஜனமானது. கனடாவிலிருந்த எல்ம் எலெக்ட்ரானிக்ஸ் என்னும் சிறு நிறுவனம், காரின் பாஷைகளைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றித் தரும் ‘எல்ம் 327’ என்ற சில்லைத் தயாரித்தது. அதன் முதற் பதிப்பில் நகலெடுப்பதைத் தடுக்கும் பாதுகாப்பு இல்லாமற் போகவே, பிறர் அதை அப்படியே பெயர்த்தெடுத்து உலகெங்கும் விற்கத் தொடங்கினார்கள். அசல் நிறுவனமோ 2022-இல் தன் வியாபாரத்தை நிறுத்திவிட்டது. இன்று கடையில் ‘எல்ம் 327’ என்று அச்சிட்டு விற்கப்படும் நீலநிறச் சிறு பெட்டிகள் அநேகமாக எல்லாம் நகல்களே. ‘1.5’ என்ற பதிப்பை அந்நிறுவனம் வெளியிட்டதே கிடையாது; எனினும் அந்த எண்ணைத் தாங்கிய நகல்களில் ஒழுங்காக வேலை செய்வன உண்டு. ‘2.1’ என்று ஒரு பதிப்பு மெய்யாகவே வெளிவந்தது. ஆனால் அந்த எண்ணோடு வரும் நகல்களில், கட்டளைகளிற் பாதியை விழுங்கிவிடுபவை ஏராளம். ஆகவே பெட்டியின்மேல் உள்ள எண்ணை நம்பி வாங்காதீர்கள். பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம் என்ற நிபந்தனை உள்ள இடத்தில் வாங்கி, அன்றைக்கே தங்கள் வண்டியில் மாட்டிப் பரீட்சை செய்யுங்கள். ஐபோன் வைத்திருப்பவர்கள் சாதாரண ப்ளூடூத் அடாப்டரை வாங்கினால் அது இணையாது. வைஃபை உள்ளதையோ, ஐபோனுக்கு ஏற்றதென்று குறிப்பிட்ட ‘லோ எனர்ஜி’ ப்ளூடூத் உள்ளதையோதான் வாங்க வேண்டும். செயலிகளில் ‘டார்க்’, ‘கார் ஸ்கேனர்’ இரண்டும் பலரும் உபயோகிப்பவை.

கைபேசியே வேண்டாம் என்பவர்களுக்கு, கம்பியும் சிறு திரையும் கொண்ட கைக்கருவிகள் சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கின்றன, அவை உறுதியானவை. அவற்றுக்கும் மேற்பட்ட விலையுள்ள டாப்லெட் போன்ற கருவிகள், ஏ.பி.எஸ்., ஏர்பேக் முதலியவற்றின் கோடுகளைப் படிப்பதோடு, ஒரு விசிறியையோ வால்வையோ தாமே இயக்கிச் சோதிக்கவும் வல்லவை. அவை ஷெட் நடத்துபவர்களுக்கு உரியன. ஏர்பேக் விளக்கு எரிந்தால் அதை வீட்டில் தொடவே கூடாது என்பதையும் இங்கேயே வற்புறுத்திச் சொல்லிவிடுகிறேன்.

எந்தக் கருவியானாலும் அதில் மூன்று வசதிகள் அவசியம் இருக்க வேண்டும்: கோடைப் படிப்பது, கோடு விழுந்த தருணத்தில் இன்ஜின் இருந்த நிலையைக் காட்டும் ‘ஃப்ரீஸ் ஃப்ரேம்’, ஓடும்போதே அளவுகளைக் காட்டும் ‘லைவ் டேட்டா’. கோடைப் படித்து அழிப்பதோடு நின்றுவிடும் கருவி எவ்வளவு மலிவானாலும் தண்டம்; ஏனெனில் கோடு என்பது காவல் நிலையத்தில் கொடுக்கப்பட்ட புகார் மனு மாத்திரமே, விசாரணை இனிமேல்தான் நடந்தாக வேண்டும்.

தங்கள் பகுதிக்கே உரிய ஓர் உதாரணத்தைக் கொண்டு இதை விளக்குகிறேன். வயல்களையும் கிடங்குகளையும் ஒட்டி வண்டியை நிறுத்துகிறவர்களுக்கு எலித் தொல்லை புதிதன்று. எலி இன்ஜின் அறைக்குள் புகுந்து மெல்லிய வயர் ஒன்றைக் கடித்துவிட்டதென்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேனரில் பி0113 என்று வரும். உள்ளே செல்லும் காற்றின் உஷ்ணத்தை அளக்கும் சென்சாரின் சர்க்யூட்டில் மின்னழுத்தம் மிகுதி என்பது அதன் பொருள். உடனே சென்சாரை மாற்றச் சொல்பவர்கள் உண்டு. தாங்கள் அவ்வாறு செய்யாமல் லைவ் டேட்டாவைத் திறந்து, காற்றின் உஷ்ணம் எவ்வளவு என்று பாருங்கள். சித்திரை வெயிலில் நிற்கிற வண்டி, பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி என்று காட்டுமானால், அது சென்சார் சொல்லும் அளவன்று. சர்க்யூட் எங்கோ அறுபட்டிருப்பதால் கம்ப்யூட்டர் கொள்ளும் கடைசி எண் அது. சென்சாரின் பிளக்கைக் கழற்றி, அதன் இரு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்துப் பாருங்கள். காட்டும் உஷ்ணம் தாறுமாறாக உச்சத்துக்கு ஏறினால் வயரிங் சரி, சென்சாரே பழுது. 40 டிகிரிக் குளிர் அப்படியே நின்றால் வயரிங்கில்தான் வெட்டு. அதன் பிறகு மல்டிமீட்டரைக் கையிலெடுத்து வயரைத் தொடர்ந்து சென்றால், கடிபட்ட இடம் அகப்பட்டுவிடும். சென்சார் வாங்கும் செலவு மிச்சம்; ஒரு சாண் வயரும் இன்சுலேஷன் டேப்பும் போதும்.

இதைவிடச் சற்று நுட்பமானது பி0171, அதாவது பெட்ரோல் குறைவு, காற்று மிகுதி என்ற புகார். புகையிலுள்ள ஆக்ஸிஜனைக் கண்காணித்து, பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ விடுகிறது என்பதைக் கம்ப்யூட்டர் ‘ஃப்யூயல் ட்ரிம்’ என்ற எண்ணால் தெரிவிக்கும். பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் ஆரோக்கியம். 10-ஐத் தாண்டி நிரந்தரமாக நின்றால் சந்தேகத்துக்கு இடமுண்டு. காற்றின் அளவை நேராக அளக்கும் சென்சார் உள்ள இன்ஜினில், ஐடிலிங்கில் 20 என்று இருப்பது, 2,500 சுற்றுக்கு ஏற்றியதும் பூஜ்யத்தை நோக்கி இறங்கினால், எங்கோ வெடித்த ரப்பர் குழாய் வழியாகக் கள்ளக் காற்று நுழைகிறது என்று கொள்ளலாம். மாறாக, வேகம் ஏற ஏற எண்ணும் ஏறினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர், இன்ஜெக்டர் ஆகியவற்றின் பக்கம் திரும்ப வேண்டும்.

தங்கள் ஷெட்டில் நடந்த பிழை எது என்பதை இனி நான் சொல்லாமலே விளங்கிக்கொண்டிருப்பீர்கள். கோடை அழிக்கும்போது ஃப்ரீஸ் ஃப்ரேமும் கூடவே அழிந்துபோகிறது. காரணத்தைத் தேடுவதற்கான சாட்சியம் இல்லாமற் போய்விடுகிறது. ஆகையால் கருவியை மாட்டியதும் முதலில் திரையை அப்படியே படம் பிடித்து வைத்துக்கொண்டு, குறையைச் சரி செய்த பின்னரே கோடை அழியுங்கள். வேலை முடிந்ததும் அடாப்டரைக் கழற்றிவிடுங்கள். 16-ஆவது துளையின் மின்சாரத்தை அது உறிஞ்சிக்கொண்டேயிருக்கும், நைட் ஷிப்டும் விடுமுறையுமாக வண்டி பல நாள் நின்றால் பாட்டரி இறங்கிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த விளக்கு நிலையாக எரிந்தால் நிதானமாக வீடு வந்து சேரலாம். மினுக் மினுக்கென்று அணைந்து அணைந்து எரிந்தால், இன்ஜின் மிஸ்ஸாகி, எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் சென்று அதைச் சுட்டுப் பாழாக்குகிறது என்று அர்த்தம். கல்கத்தா நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே சென்றாலும் சரி, வேகத்தைக் குறைத்து, பத்திரமான இடத்தில் ஓரங்கட்டி நிறுத்திவிடுங்கள். அந்நேரத்தில் தங்களுக்கு வேண்டியது ஸ்கேனர் அன்று, டோயிங் வண்டியே.

கேள்வி: என்னுடையது பி.எஸ். 6 டீசல் வண்டி. டி.பி.எஃப். அடைப்பு விளக்கு வந்தால் வீட்டிலேயே ஸ்கேனர் வைத்து எரித்துக்கொள்ள முடியுமா?
— ஒரு வாசகர், கவரைப்பேட்டை

பதில்: மலிவு அடாப்டரால் பொதுவாக முடியாது. சைலன்சர் பாதையிலுள்ள ஃபில்டரில் சேர்ந்த கரியை நிறுத்திய நிலையில் எரிக்கும் வேலைக்குக் கட்டளையிடக்கூடிய விலையுயர்ந்த கருவி தேவை. அப்போது புகைக்குழாய் நெருப்பாய்க் கொதிப்பதால், காய்ந்த புல்லோ வைக்கோலோ உள்ள இடத்தில் அதைச் செய்வது அபாயம். விளக்கு புதிதாக வந்திருந்தால், கைப்புத்தகத்தில் கண்டபடி நெடுஞ்சாலையில் ஒரே சீராகச் சிறிது நேரம் ஓட்டினால் கரி தானே எரிந்து விளக்கு அணையக்கூடும். அணையாவிட்டால் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். இதற்கென்று ஸ்கேனர் வாங்க வேண்டாம்.