சூசையப்பர் தூங்கினார், எழுந்தும் போனார்

திண்டுக்கல் 2003-இல் தனி மறைமாவட்டம் ஆனபோது பேராலயமானது சூசையப்பர் கோயில். கடவுளை நம்பி விட்டுவிடுவது பற்றிப் பேச அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. நற்செய்திகளில் அவர் பேசியதாக ஒரு வார்த்தைகூட இல்லை. மத்தேயு எழுதும் அவருடைய கனவுகள் நான்கு. கனவு கலைந்ததும் ஆள் கிளம்பிவிடுகிறார். எகிப்துக்குப் போ என்றால் அன்றிரவே புறப்பாடு. எவ்வளவு காலம் அங்கே இருப்பது? மறுபடி சொல்லும்வரை. அவருக்குக் கிடைத்த தகவல் அவ்வளவுதான்.

"ஆண்டவர் பாத்துக்குவாரு" என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்காருபவர்களும் நம் ஊரில் உண்டு, அதையே சொல்லிவிட்டு விடிய விடிய மோட்டுவளையைப் பார்ப்பவர்களும் உண்டு. இரண்டு தரப்புக்கும் சேர்த்துத்தான் இந்தப் பட்டியல்.

செய்ய வேண்டியவை

• கவலையைப் பேர் சொல்லிக் கொடுங்கள். "குடும்பத்தை ஆசீர்வதியும்" என்று பொத்தாம்பொதுவாகச் செபித்தால், எதை ஒப்படைத்தோம் என்று நமக்கே தெரியாது. அசீரிய அரசனின் மிரட்டல் கடிதம் வந்தபோது எசேக்கியா அரசர் அதைக் கோயிலுக்கு எடுத்துப்போய் ஆண்டவர்முன் விரித்து வைத்தார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015 ஜனவரியில் மணிலாவில் குடும்பங்களிடம் பேசியபோது, தம்மிடம் தூங்கும் சூசையப்பர் சுரூபம் ஒன்று இருப்பதாகவும், பிரச்சினை வந்தால் ஒரு சீட்டில் எழுதி அதன் அடியில் வைத்துவிடுவதாகவும் சொன்னார். மகளின் நீட் ரிசல்ட், நகையை மீட்கச் சொல்லி வந்த பேங்க் நோட்டீஸ், எதுவானாலும் எழுதி வையுங்கள்.

• உங்கள் பங்கு வேலையை முழுசாக முடியுங்கள். நம் பக்கத்துச் சமவெளியில் போர்வெல் போட்டவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். பக்கத்துத் தோட்டத்தில் எத்தனை அடியில் தண்ணீர் வந்தது என்று விசாரிப்பது, நீரோட்டம் பார்ப்பது, கையில் உள்ள பணத்தை எண்ணுவது எல்லாம் நம் வேலை. கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கட்டும் என்று சொன்னவர் இயேசுவேதான். போர்வெல் வண்டி ஓட ஆரம்பித்துவிட்டால், வருவது தண்ணீரா புழுதியா என்பது நம் கையில் இல்லை. எத்தனை அடியோடு நிறுத்துவது என்பதை மட்டும் முன்னாடியே வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். நடுராத்திரியில், வெள்ளைப் புழுதி தலையெல்லாம் படிந்து நிற்கும்போது, "இன்னும் ரெண்டு ராடு இறக்குங்க" என்று சொல்ல வைப்பது பெரும்பாலும் விசுவாசம் இல்லை. ஒவ்வொரு ராடும் கடன். சொன்ன அடியில் நிறுத்துவதற்கும் நம்பிக்கை வேண்டும்.

• கொடுத்ததைக் கொடுத்ததாக விடுங்கள். முத்தழகுபட்டி செபஸ்தியார் திருவிழாவில் நேர்ச்சையாக வரும் ஆடு, கோழி, அரிசி, காய்கறி எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துதான் அன்பு விருந்தாகிறது. எந்தச் சாதிக்காரர், எந்த மதத்துக்காரர் என்று பார்க்காமல் பந்தி நடக்கும். தன் ஆடு எந்தக் கொப்பரையில் வெந்தது என்று தேடிக்கொண்டு யாரும் நிற்பதில்லை.

• தூங்குங்கள். செபம் முடிந்தால் போனை அடுத்த அறையில் வையுங்கள்.

செய்யக்கூடாதவை

• மாத்திரையை நிறுத்தாதீர்கள். சுகர் மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட்டுச் சாட்சி சொல்வது ஒப்படைப்பு ஆகாது. ஒட்டன்சத்திரத்தில் 1955-இல் கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனையைத் தொடங்கிய தரியன், ஜேக்கப் செரியன் இருவரும் விசுவாசிகள்தான், டாக்டர்களும்தான்.

• நேர்ச்சையை அட்வான்ஸ் ஆக்காதீர்கள். கிடைத்ததற்கு நன்றியாகக் கிடா வெட்டுவது அழகு. "கொடுத்தால் வெட்டுறேன்" என்பதில் பேரம் இருக்கிறது. கிடைக்காவிட்டால் கோவிப்பதற்கும் வழி இருக்கிறது. இப்படிச் சொன்னால் சிலருக்கு வருத்தம் வரும், வரட்டும்.

• பூட்டிவிட்டு இழுத்து இழுத்துப் பார்க்காதீர்கள். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய திண்டுக்கல் பூட்டு நம்முடையது. அதையும் நாலு தடவை இழுத்துப் பார்த்தால்தான் நமக்கு பஸ் ஏற மனசு வரும். காலையில் ஆண்டவரிடம் விட்ட பையனின் வேலை விஷயத்தை மத்தியானம் மூன்று பேருக்குப் போன் போட்டுக் கிளறுவதும் அந்த ரகம்.

• நேரம் தள்ளிப்போகிறதே என்று குறுக்கு வழியில் இறங்காதீர்கள். பலி செலுத்த வர வேண்டிய சாமுவேல் இறைவாக்கினருக்காகச் சவுல் அரசர் ஏழு நாள் காத்திருந்தார். சாமுவேல் வரவில்லை, படையோ கலைகிறது. தானே பலி செலுத்தினார். முடித்த கையோடு சாமுவேல் வந்து நின்றார். சவுலின் பதற்றம் நியாயமானதுதான் என்று எனக்கு எப்போதும் தோன்றும். அப்படியும் அரசு கைவிட்டுப் போனது. புரோக்கரிடம் லட்சம் கொடுத்து அரசு வேலை வாங்கப் பார்ப்பவர்கள் சாமுவேல் முதல் புத்தகம் 13-ஆம் அதிகாரத்தைப் படிக்கலாம்.

• "கடவுள் சித்தம்" என்பதை அடுத்தவர் தலையில் வைக்காதீர்கள். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் போய் அதைச் சொல்லவே கூடாது. கூட உட்காருங்கள், காப்பி போட்டுக் கொடுங்கள். மகள் தனக்குப் பிடித்தவரைச் சொன்னதும், "இது கடவுள் சித்தமில்லை" என்று அப்பா எழுந்து போவதும் இதில் சேர்த்திதான். அங்கே பேசுவது பெரும்பாலும் சாதியோ சொந்தக்காரர்களைப் பற்றிய பயமோதான். அப்பா முதலில் எழுதி அந்தச் சுரூபத்தின் அடியில் வைக்க வேண்டிய சீட்டு அதுவாக இருக்கலாம்.